உதுமான் நெய்னாவின் இரட்டை ஏற்றம்

1927 மார்ச் 14, திங்கட்கிழமை. நோன்பு மாதத்தின் பத்தாம் நாள். அன்று பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்குப் பினாங்குத் துறைமுகத்தின் படித்துறை முனையில் இருந்த அளவைக் குடிசையிலிருந்து உதுமான் நெய்னாவை வெளியே அனுப்பினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துரை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஆயாவாக இங்கிலாந்துக்குக் கப்பலேறப் போன நாள் அது. என்னை ஏற்றிச் சென்ற சம்பான் படகு அந்தப் படித்துறையை ஒட்டித்தான் போயிற்று.

குடிசை என்றால் நான்கு பலகை, ஒரு தகரக் கூரை. உள்ளே ஒரு முக்காலி, ஒரு கடிகாரம், ஒரு லாந்தர். கீழே தண்ணீருக்குள் நட்டிருந்த கம்பத்தில் அடியும் அங்குலமும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளாகத் தீட்டியிருக்கும். கடல் ஏறி நிற்கும் நேரம், வற்றி நிற்கும் நேரம், அப்போது தண்ணீர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்ற அளவு, இவற்றை எழுதிவைப்பது நெய்னா மாமாவின் வேலை. பகலில் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை. மகளுக்குப் பிள்ளை பிறந்து கூலிமுக்குப் போன நான்கு நாளைத் தவிர, ஒன்பது மாதமாக அவர் ஓர் ஏற்றத்தையும் தவறவிட்டதில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அளவை ஆபீஸ் குமாஸ்தா, கிராணி ராமதாஸ், சாவியை வாங்கிக்கொண்டு நின்றார்.

"கிராணியாரே, இன்னும் பத்து நிமிஷத்துல வத்தம் நிக்கும். எழுதிட்டுப் போயிடறேனே."

"வேணாம் நெய்னாண்ணே. உங்க நோட்டை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. ஆபீஸ் துரை பாத்துக்கிட்டு நிக்கறாரு."

முக்காலி அவருடையது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகங்களைக் கைலியின் மடியில் செருகிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தார். ஆனால் படித்துறையை விட்டுப் போகவில்லை. பத்து நிமிஷம் வெயிலில் நின்றார். பிறகு குனிந்து கம்பத்தைப் பார்த்தார். கீழே கிடந்த நிலக்கரித் துண்டு ஒன்றை எடுத்து, பூட்டிய குடிசையின் வெளிப்பலகையில் நேரத்தையும் அளவையும் எழுதினார்.

பக்கத்தில் நின்ற தொங்கான் என்னும் சரக்குப் படகில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் கத்தினான்: "நெய்னாண்ணே! இன்னிக்கு எத்தனை ஏத்தம்? ரெண்டா, நாலா?"

தொங்கான் முழுக்கச் சிரித்தது. என் சம்பான்காரரும் சிரித்தார். எனக்கு அந்தக் கேலி புரியவில்லை. புரிந்துகொள்ள நாலரை வருஷமும் பல கடல்களும் ஆயின.

உதுமான் நெய்னா நாகூர்ப் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் பினாங்குக்கு வந்தவர். 1904 என்று அவர் சொல்வார்; அவர் மனைவி ஜைனம்பு மாமி 1905 என்பார். கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கேற்றி வரும் தொங்கானில் முதலில் கயிறு பிடித்தார், பிறகு சுக்கான் பிடித்தார். அந்தக் காலத்திலேயே அவருக்கு ஒரு பழக்கம். யாராவது எதையாவது உறுதியாகச் சொன்னால், "எத்தனை தடவை பாத்தே?" என்று கேட்பார்.

பெரிய கப்பல் உள்ளே வந்தால் துறைமுகத்துத் தண்ணீர் ஏறும் என்று தொங்கான்காரர்கள் எல்லாரும் நம்பினார்கள். தொட்டியில் யானை இறங்கினால் தண்ணீர் ஏறாதா என்பது அவர்கள் வாதம். நெய்னா படித்துறையைத் தாங்கும் மரக்கால் ஒன்றில் ஆணி அடித்து, கப்பல் வந்த நாள், வராத நாள் இரண்டிலும் தண்ணீர் ஆணிக்கு எவ்வளவு மேலே ஏறுகிறது என்று நாற்பது நாள் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். நாற்பத்தொன்றாம் நாள் கயிற்றைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் விரித்தார்.

"கப்பல் ஒண்ணும் பண்ணல. பிறைதான் பண்ணுது. பாருங்க, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முடிச்சு நீளுது."

"போடா, கயிறு திரிக்கறவனே," என்றார்களாம். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து ஏற்றம் எத்தனை மணிக்கு என்று அவரிடம்தான் கேட்டார்கள்.

1925இல் ஒரு பெட்டி சரிந்து அவர் முழங்காலை நசுக்கியது. தொங்கான் வேலை முடிந்தது. அடுத்த வருஷம் ஜூனில்தான் அளவை ஆபீஸ் கம்பம் நட்டது. கம்பத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்றதும் துறைமுகமே அவர் பெயரைச் சொன்னது. அவருக்கு இங்கிலீஷ் எழுத வராது. தமிழைக் கூட அரபு எழுத்தில்தான் எழுதுவார். அதனால் ஏற்பாடு இப்படி: நெய்னா தன் நோட்டில் எழுதிக்கொள்வார், சனிக்கிழமைதோறும் ஆபீசுக்குப் போய் வாசித்துக் காட்டுவார், கிராணி ராமதாஸ் அதை இங்கிலீஷ் படிவத்தில் அழகான கையெழுத்தில் எழுதுவார். நான்கு மாதப் படிவங்கள் சேர்ந்ததும் இங்கிலாந்துக்குக் கணக்குப் போட அனுப்பினார்கள். நான் கப்பலேறிய வாரத்தில் அவை திரும்பி வந்தன. ஏற்ற வரிகளில் பல இடங்களில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. இவற்றை உபயோகிக்க முடியாது என்று ஒரு வரி.

வட்டம் போட்ட இடமெல்லாம் ஒரே கோளாறு. கடல் ஏறி நின்று ஐம்பது நிமிஷத்துக்குள் மறுபடியும் ஏறி நின்றதாக எழுதியிருந்தது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே பன்னிரண்டரை மணி நேரம் போக வேண்டும் என்பது சம்பான் ஓட்டுகிறவனுக்கும் தெரியும். உள்ளூர்த் துரை அதிக நேரம் யோசிக்கவில்லை. ஆள் தூங்கிவிட்டு மனசுக்குத் தோன்றியதை எழுதியிருக்கிறான் என்றார்.

"நான் அப்படி எழுதவே இல்ல," என்றார் நெய்னா. நோட்டை நீட்டினார். அந்த அரபு எழுத்தை அங்கே படிக்க யாருமில்லை.

இதெல்லாம் எனக்கு 1931 செப்டம்பரில் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிய வந்தது. ஆனால் அதற்கு முந்தின வருஷமே, லிவர்ப்பூலில், இந்தக் கதையின் இன்னொரு நுனி என் கையில் கிடைத்திருந்தது. நுனி என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிள்ளைகளின் சித்தப்பா ஒரு மழை நாளில் எங்களை ஓர் இயந்திரம் பார்க்கக் கூட்டிப்போனார். ஆளுயரம் இருக்கும். முழுக்கப் பித்தளைச் சக்கரம். ஒரு சக்கரம் சந்திரனுக்கு, ஒன்று சூரியனுக்கு, சந்திரன் கிட்டே வருவதற்கு ஒன்று, விலகுவதற்கு ஒன்று. எல்லாவற்றின் மேலும் ஒரே கம்பி ஏறி இறங்கி ஓடுகிறது. ஓர் இளம்பெண் கைப்பிடியைச் சுற்றினால் கம்பியின் முனையில் இருக்கும் பேனா, காகிதத்தில் கடலை வரைகிறது! அடுத்த வருஷக் கடலை! இன்னும் ஏறாத ஏற்றம், இன்னும் வற்றாத வற்றம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிள்ளைகளை விட நான்தான் அதிகம் கேள்வி கேட்டேன்.

சுவரில் துறைமுகங்களின் பெயர்களை ஒட்டியிருந்தார்கள். "பினாங்கு எங்கே?" என்றேன்.

"நல்ல அளவு வரவில்லை. ஒரு வருஷத்து உண்மையான அளவு இருந்தால்தான் சக்கரங்களை உங்கள் கடலுக்குப் பொருத்த முடியும்," என்றாள் அந்தப் பெண். பிறகு தன் வேலையின் தொல்லைகளைச் சொன்னாள். பழைய அளவுகளைக் கையில் எடுத்தால் முதலில் அவர்கள் நாள் எப்போது தொடங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். வானசாஸ்திரிகளின் நாள் 1925 வரை நடுப்பகலில்தான் தொடங்கியதாம். அதைக் கவனிக்காமல் ஒரு மாதக் கணக்கை முழுக்க வீணாக்கியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாள் நடுப்பகலில் மாறுமா!

ஊருக்கு வந்த நான்காம் நாள், வியாழக்கிழமை மாலை, நெய்னா மாமா வீட்டுக்குப் போனேன். மாமா மெலிந்திருந்தார். ஒரு கிடங்கில் கோணிப்பை தைக்கும் வேலை. ஆனால் மூலையில் அதே முக்காலி. அதன் மேல் ஏழெட்டு நோட்டுகள்.

"இன்னும் எழுதுறீங்களா மாமா?"

"மீன் ஜெட்டி மரக்கால்ல நானே கோடு போட்டு வெச்சிருக்கேன். அங்கே பாக்கறேன். ஒரு நாளைக்கு நாலு தடவை."

"சம்பளம் யாரு குடுக்கறா?" என்று உள்ளேயிருந்து ஜைனம்பு மாமி கேட்டார். "கடல் குடுக்குமா? குணவதி, நீயே கேளும்மா. ஊரே சிரிக்குது. ரெட்டை ஏத்தம் நெய்னான்னு பேரு வெச்சிருக்கானுங்க."

"சிரிக்கட்டும்லா," என்றார் மாமா. ஆனால் நோட்டுகளை நேராக அடுக்கிக்கொண்டே தானாகவே சொன்னார். "சிரிச்சா வலிக்கல. பள்ளிவாசல்லதான்... முன்னெல்லாம் நோன்புப் பிறை பாக்க என்னைத்தான் முன்னால நிறுத்துவாங்க. என் கண்ணுக்குத்தான் முதல்ல தெரியும். நாலு வருஷமா நான் பிறை பாத்தேன்னு சொன்னா, இப்ராஹிம் ஹாஜியார் வேற பக்கம் திரும்பிக்கறாரு. பொய் எழுதினவன் சாட்சி செல்லாதாம்."

பிறை கண்டதற்குச் சாட்சி சொல்கிறவர் பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும். ஊர் முழுக்க அந்த ஒருவர் கண்ணை நம்பி நோன்பு வைக்கும். அந்த இடத்திலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள்.

"இவ்வளவு நாளா ஏன் எழுதறேன் தெரியுமா?" என்றார். "சில நேரம் எனக்கே சந்தேகம். தூக்கக் கலக்கத்துல எழுதிட்டேனோன்னு. அதான் மறுபடி பாக்கறேன். என் கடல்ல ஒரு தடவையாவது ரெட்டை ஏத்தம் வருதான்னு. இன்னும் வரல."

அப்போது பாங்கு கேட்டது. மாமா தொழுதுவிட்டு வந்தார். மாமி தட்டில் நெருப்பெடுத்துச் சாம்பிராணி போட்டு, மூலை மூலையாகப் புகை காட்டினார்.

"என்ன மாமி விசேஷம்?"

"வெள்ளிக்கிழமை இல்லையா."

"வியாழன்தானே இன்னிக்கு?"

"எத்தனை ஊரு சுத்தினாலும் இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஏறல," என்றார் மாமி. "மஃரிப் ஆயிடுச்சுல்ல. வெள்ளி பொறந்தாச்சு."

சூரியன் விழுந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? இந்தத் தெருவில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். மலாய்க்காரருக்குத் தெரியும், கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேவுக்குக் கூடத் தெரியும். தெரிந்ததால்தான் யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்று, அந்தப் புகைக்கு நடுவே, கைப்பிடியைச் சுற்றிய பெண்ணின் குரல் என் காதில் விழுந்தது. முதலில் அவர்கள் நாள் எப்போது தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

"மாமா! உங்க நோட்டுல ஒரு நாள் எங்கே ஆரம்பிக்குது?"

"இதென்ன கேள்வி? மஃரிப்ல."

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு இல்லையா?"

"நடுராத்திரியில என்ன இருக்கு?" என்றார், உண்மையான வியப்போடு. "சூரியன் விழுதா? பிறை தெரியுதா? ஒண்ணுமே நடக்காத நேரத்துல நாள் எப்படி மாறும்?"

நான் எழுந்த வேகத்தில் காப்பிக் கோப்பை உருண்டது. மாமி திட்டினார். என் காதில் விழவில்லை. ஒரு காகிதத்தில் கோடு போட்டு மாமாவுக்குக் காட்டினேன். வெள்ளிக்கிழமை இரவு பதினொன்று நாற்பதுக்கு ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். அது மாமாவின் நோட்டில் சனிக்கிழமைப் பக்கத்தின் முதல் வரி. அடுத்த ஏற்றம் சனி நண்பகல் தாண்டி. அதற்கடுத்தது நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்கு. அது ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். மாமாவின் வரிசையில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது என்று நினைப்பவன் சனிக்கிழமையின் பதினொன்று நாற்பதைச் சனிக்கிழமையின் கடைசியில் போடுவான். உடனே அடுத்த வரி, ஞாயிறு பன்னிரண்டரை. நடுவே ஐம்பது நிமிஷம்தான்!

மாமா அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்தார். அவர் விரல் கோட்டின் மேல் போய்ப் போய் வந்தது.

"அப்ப நானும் பொய் சொல்லல. கடலும் பொய் சொல்லல."

"அப்படித்தான் தோணுது."

"தோணுது," என்றார். அந்தச் சொல் அவருக்குப் போதவில்லை. "எத்தனை தடவை பாத்தே?"

ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குச் சிவப்பு வட்டம் போட்ட படிவங்கள் வேண்டும். மறுநாள் காலையில் ராமதாஸ் அண்ணனைத் தேடிப் போனேன். ஆபீசில் அவற்றை எரித்துவிடச் சொன்னார்களாம். "என் கையெழுத்துல நாலு மாசம் எழுதினதும்மா, மனசு வரல," என்றார். வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ராமதாஸ் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். அவர் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு வந்ததும் நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"பிரிக்காதீங்க அண்ணே. முதல்ல நாங்க சொல்றோம், அப்புறம் பிரிங்க."

"என்னம்மா இது, குறி சொல்றாப்ல?"

"குறி சொல்றவன் தப்பானா ஒத்துக்க மாட்டான். நாங்க ஒத்துக்குவோம்."

மாமா பொய்யாக எழுதியிருந்தால் சிவப்பு வட்டம் எந்த நாளிலும் இருக்கலாம். நான் நினைத்தது சரியென்றால், ஏற்றம் நள்ளிரவை ஒட்டி வரும் நாட்களில் மட்டும்தான் இருக்க முடியும். பினாங்கில் அது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும். மாமா ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பிறைக் கணக்கைக் குறித்திருந்தார். வேறு எதையும் பார்க்காமல் அந்த ஓரத்தை மட்டும் பார்த்து, 1926 ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எட்டுத் தேதிகளை அவர் சொன்னார், நான் எழுதினேன். ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம் என்றும் எழுதினேன். காகிதத்தை ராமதாஸ் கையில் கொடுத்தேன்.

"ஜூன் பத்து," என்று வாசித்தார். கட்டைப் பிரித்தார். தாளைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "இருக்கு. வட்டம் இருக்கு."

ஜூன் இருபத்தைந்து, இருக்கு. ஜூலை ஒன்பது, ஒரு நாள் தள்ளி இருக்கு. ஜூலை இருபத்தைந்து, இருக்கு. ஒவ்வொரு "இருக்கு"க்கும் ராமதாசின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. ஆகஸ்ட் எட்டு, இருக்கு. ஆகஸ்ட் இருபத்து மூன்று.

புரட்டினார். திரும்பப் புரட்டினார்.

"இல்லே."

"நல்லா பாருங்க."

"முன்னேயும் இல்ல, பின்னேயும் இல்ல. வட்டமே இல்லம்மா."

செப்டம்பர் ஏழும் இருபத்தொன்றும் இருந்தன. எட்டில் ஏழு. வேறு எங்கும் ஒரு வட்டமும் இல்லை.

"எட்டுல ஏழு போதும்லா," என்றார் ராமதாஸ் மெதுவாக. "இதை வெச்சே எழுதலாம்."

"போதாது," என்றார் நெய்னா மாமா.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். நான்கரை வருஷமாகப் பொய்யன் என்று பெயர் சுமந்தவர். கைக்கு எட்டிய விடுதலையை வேண்டாம் என்று நிறுத்துகிறார்.

"எட்டாவது எங்கே போச்சு? அது தெரியாம நான் ஒத்துக்க மாட்டேன். அன்னிக்கு மட்டும் என் நாள் மஃரிப்ல ஆரம்பிக்கலையா?"

தன் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். எங்கள் மூன்று பேர் முகமும் ஒரே நேரத்தில் குனிந்தது. ஓரத்தில் பிறைக் கணக்கு இருந்தது. பக்கம் வெறுமையாக இருந்தது. ஆகஸ்ட் 22 முதல் 25 வரை, நான்கு பக்கமும் வெறுமை.

"கூலிம்!" என்றார் மாமா. "பேரன் பொறந்தப்போ! பிறையை வந்து எழுதினேன், கடலை நான் பாக்கல."

ராமதாஸ் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நான் பாத்தேன்," என்றார். "அந்த நாலு நாளும் குடிசையில உக்காந்து நான்தான் எழுதினேன்."

"நீங்க நாளை எங்கே ஆரம்பிச்சீங்க அண்ணே?"

"ராத்திரி பன்னெண்டுக்கு. வேறெங்கே?"

நான் கத்தியே விட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். ராமதாஸ் எழுதிய நாளில் வட்டமில்லை, நெய்னா எழுதிய நாளிலெல்லாம் வட்டம். அதே கம்பம், அதே கடல், அதே கடிகாரம். மாறியது நாளின் தொடக்கம் ஒன்றுதான். ஏழு பொருத்தங்கள் சொன்னதை விட, பொருந்தாமல் நின்ற அந்த எட்டாவது அதிகம் சொன்னது.

மாமா சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்க. ராமதாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"நெய்னாண்ணே, ஒண்ணு சொல்லணும். நீங்க சனிக்கிழமை வாசிக்கும்போது ஒவ்வொரு நாளும் ராத்திரியிலேருந்துதான் ஆரம்பிப்பீங்க. படிப்பில்லாதவரு, தலைகீழா சொல்றாருன்னு நெனச்சேன். நான்தான் ராத்திரி வரியைத் தூக்கிக் கடைசியில போட்டேன். படிவம் அழகா இருக்கணும்னு. நீங்க சொன்ன வரிசையிலேயே எழுதியிருந்தா இங்கிலாந்துக்காரன் கண்டுபிடிச்சிருப்பான்."

"ஏன் தலைகீழா சொல்றேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கிராணியாரே."

"கேக்கல."

"நானும் தாளை இன்னொரு தடவை எனக்கு வாசிச்சுக் காட்டுங்கன்னு கேக்கல," என்றார் மாமா. "எல்லாரையும் எத்தனை தடவை பாத்தேன்னு கேக்கற நான்."

ராமதாசுக்கு ஆறு பிள்ளைகள். தன் தவற்றைத் தன் கையால் எழுதினால் ஆபீசில் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அன்று மாலையே எழுதினார். உள்ளூர்த் துரைக்கு ஒன்று, லிவர்ப்பூலில் அந்தப் பெண் எனக்குக் கொடுத்த விலாசத்துக்கு ஒன்று. அடுத்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் மாமா வாசிக்க, ராமதாஸ் ஒரு வரியையும் நகர்த்தாமல் எழுத, நான் சரிபார்த்தேன். 1926, 1927இன் படித்துறை நோட்டுகள், அதன் பிறகு மீன் ஜெட்டியில் எழுதிய நோட்டுகள், எல்லாம் 1931 செப்டம்பர் வரை. ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு வரி: இந்த நோட்டில் நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது.

உள்ளூர்த் துரை பதில் எழுதவில்லை. ராமதாசை வேறு ஆபீசுக்கு மாற்றினார்கள், வேலை போகவில்லை. லிவர்ப்பூலிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம். நான் நடுவே ரங்கூனுக்கும் டர்பனுக்கும் போய் வந்தேன். திரும்பும்போதெல்லாம் மீன் ஜெட்டியில் முதலில் தேடுவது அந்த முக்காலியைத்தான். அது அங்கேதான் இருந்தது. பள்ளிவாசலில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. இப்ராஹிம் ஹாஜியாரிடம் நானே போய் எட்டுத் தேதிக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உன் வார்த்தை சரிம்மா. ஆனா செல்லாதுன்னு எழுதி அனுப்பினது அந்த இங்கிலாந்து ஊரு. செல்லும்னும் அந்த ஊருதானே சொல்லணும்?" என்றார். அவரும் அவர் வழியில் ஆதாரம் கேட்கிறவர்தான்.

1935 நவம்பர் கடைசியில், ஷஃபான் மாதம் இருபத்தொன்பதாம் நாள், மழை விட்ட மாலை. நோன்புப் பிறை பார்க்கக் கடற்கரையில் கூட்டம் கூடியிருந்தது. நெய்னா மாமா வழக்கம் போல ஓரத்தில் தனியாக நின்றார். ஜைனம்பு மாமியும் நானும் சுவரோரம் நின்றோம். அப்போது ராமதாஸ் அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்பது தாண்டிய வயதில், ஓடி வந்தார். கையில் பிரித்த ஒரு நீளக் கவர், அதிலிருந்து எடுத்த தாள். பழைய ஆபீசுக்கு வந்து, யாரோ அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது.

"நெய்னாண்ணே! வந்திருச்சு! லிவர்ப்பூல்! ஒத்துக்கிட்டாங்க!"

கூட்டம் திரும்பியது. ஹாஜியாரும் திரும்பினார். ராமதாஸ் கையில் இருந்த தாளையும், அசையாமல் நின்ற நெய்னாவையும் பார்த்தார். பிறகு நெய்னாவின் தோளைப் பிடித்து, கூட்டத்தின் முன்னால், கடலைப் பார்த்து நிற்கும் இடத்துக்கு நகர்த்தி நிறுத்தினார்.

"படிங்க கிராணி," என்றார். "தமிழ்ல. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

ராமதாஸ் மூச்சு வாங்கிக்கொண்டே படித்தார்:

"ஐயா, பினாங்கு அளவாளர் உதுமான் நெய்னா அவர்களுடைய தாள்களைப் பரிசீலிக்க வெகு காலம் ஆனதற்கு மன்னிக்கவும். மாலை வரிகளை முந்தின தேதிக்கு நகர்த்தியதும், 1926ஆம் வருஷத்தில் நாங்கள் வட்டமிட்ட பிழைகள் அனைத்தும் நீங்கின. அவருடைய இரவு அளவுகள் பகல் அளவுகளுக்குச் சற்றும் குறையாமல் நம்பத்தக்கவை. அவற்றைக் கொண்டு உங்கள் துறைமுகத்துக்கான சக்கரங்களைப் பொருத்தி வருகிறோம். 1931 செப்டம்பருக்குப் பிறகான தாள்கள் எங்களுக்கு வந்து சேரவில்லை. அவர் அளப்பதை நிறுத்தியிருக்க மாட்டார் என்று நம்புகிறோம். தயவுசெய்து அவற்றையும் அனுப்பிவைக்கவும்."